பப்பாளி மரமும் ஒரு பாட்டில் மருந்தும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். புழக்கடைப் பப்பாளி, இலைக்கு அடியில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை. "டீச்சர், கெமிக்கல் அடிக்க மனசு வரல. வேப்பெண்ணெய் எத்தனை மில்லி ஊத்தணும்?" என்று கேட்டிருந்தாள். பார்த்ததும் 2009 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கும் நினைவிருக்கும். பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

அது பப்பாளி மாவுப்பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அதை அடக்கி வைக்கிற எதிரிகள் உண்டு. 1990களில் கரீபியன் தீவுகளுக்குப் பரவி, பிறகு புளோரிடா, பசிபிக் தீவுகள் என்று போய், 2008இல் இலங்கைக்கும் நம் கோவைக்கும் வந்து சேர்ந்தது. எதிரிகளை ஊரிலேயே விட்டுவிட்டு அது மட்டும் வந்தது. அதுதான் வினை.

ஒரே வருஷத்தில் பப்பாளி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, மல்பெரி எல்லாம் வெளுத்துப் போயின. வேலியோரப் பார்த்தீனியத்திலும் அதுதான். மரத்தில் மட்டும் தெளித்து என்ன ஆகும்? மல்பெரிக்காரர்கள் பாடுதான் பெரும்பாடு. மருந்தடித்தால் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் செடி சாகும். நம் பள்ளிப் பையன் ஒருவனின் அப்பா தோட்டத்தையே பிடுங்கிப் போட்டார்.

பள்ளிக்குப் பின்னால் நாம் வைத்த பப்பாளிகளுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? லிட்டருக்கு 50 கிராம் பருப்பு, இடித்து இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்பு. எண்ணெய்ப்பசை தண்ணீரோடு கலக்கச் சோப்பு வேண்டும் என்று அன்றைக்கே ஒரு அறிவியல் பாடமும் நடத்தினேன். குஞ்சுகள் செத்தன. ஆனால் தாய்ப்பூச்சியின் மேல் மெழுகுமாவு, முட்டைகளுக்குப் பஞ்சுப்பை. உள்ளே மருந்து இறங்காது. பத்து நாளில் மறுபடி வெள்ளை. போதாததற்கு எறும்புகள் வேறு காவல். பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக அதற்கு வரும் எதிரிகளை விரட்டிக்கொண்டிருந்தன.

இப்போது உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது மாதம் பொறுமை போய், கடையில் ஒரு பாட்டில் பூச்சிமருந்து வாங்கி வந்து வீட்டு மரங்களுக்கு அடித்தேன். வகுப்பில் வேப்பங்கொட்டை, வீட்டில் விஷம். ஒரு வாரம் மரம் சுத்தமாக இருந்தது. அப்புறம் முன்னைவிட மோசம். மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் முதலில் செத்திருந்தன. ஐந்து மரத்தையும் வெட்டிக் கொளுத்தினோம். திங்கட்கிழமை வகுப்பில் வந்து அதே வேப்பங்கொட்டைப் பாடத்தைத்தான் எடுத்தேன்.

2010இல் பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம், அமெரிக்க வேளாண் துறை மூலம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. அதில் நம் ஊரில் நன்றாக நிலைத்தது அசிரோபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் பயப்படாதீர்கள், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஓட்டையிட்டுக் குளவியாக வெளியே வரும். சோதனைகள் முடிந்து, அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் தமிழ்நாட்டில் விட்டார்கள்.

இது நமக்குப் புதிதும் அல்ல. காடுகரையெல்லாம் மூடியிருந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டு வந்தார்கள். அதுவும் மாவுப்பூச்சி போலவே வெள்ளையாகப் பஞ்சு கட்டுகிற சாதிதான். அன்றைக்கு அது நண்பன்!

நம் பள்ளிக்கும் ஒரு காகிதப் பையில் குளவி இருக்கிற இலைகள் வந்தன. கொடுத்தவர் சொன்னது ஒன்றுதான்: "இனி எதையும் தெளிக்காதீங்க டீச்சர், வேப்பெண்ணெய்கூட வேண்டாம்." இலையை மரத்தில் கட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நாலைந்து மாதத்தில் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. அதற்குள் நீங்கள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டீர்கள், பார்க்கவில்லை.

ஆகவே கண்ணு, தெளிக்கும் முன் லென்ஸ் வைத்துப் பார். வெள்ளைக்கு நடுவே பழுப்பாக உப்பி, வட்ட ஓட்டையோடு காய்ந்த பூச்சிகள் இருந்தால் குளவி வேலை செய்கிறது, ஒன்றும் அடிக்காதே. இல்லையென்றால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவு. பிறகு லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் தெளி. எறும்பு ஏறாமல் தண்டைச் சுற்றித் துணியில் கிரீஸ் தடவிக் கட்டு.

உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் ஓட்டை மாதிரி தெரிகிறது. என் கண்ணாடியை நம்ப முடியாது, நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்