வாகியாவின் யோக உளசிகிச்சை

பதஞ்சலியின் யோக சூத்திரத்தை அடித்தளமாகக் கொண்டு மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் உருவான சிகிச்சை. மனநல மருத்துவர் என். எஸ். வாகியாவும் குழுவினரும் 1960, 70களில் இதை வளர்த்தனர்.

பரேலிலிருந்து அதே மத்திய ரயில்பாதையில் வடக்கே இருக்கிறது தாணே. தாணே மனநல மருத்துவமனை 1901இல் தொடங்கியது. மும்பையில் ஒருவரைக் கிண்டல் செய்ய அந்த ஊர்ப் பெயரே போதும். பேசிக் குணப்படுத்தும் முயற்சி இந்தியாவில் முதலில் வேரூன்றியது கல்கத்தாவில்: கிரீந்திரசேகர் போஸ் 1922இல் அங்கே உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார், பிராய்டுடன் கடிதத் தொடர்பும் வைத்திருந்தார். மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1938இல் மனநலப் பிரிவு வந்தது. மனநோயாளியும் காய்ச்சல்காரரோடு ஒரே வாசலில் நுழையலாம் என்பது அந்நாளில் சிறிய சலுகை அல்ல.

பிராய்டு அடக்கப்பட்ட ஆசைகளில் நோயின் வேரைத் தேடினார். நடத்தையியலாளர்கள் தவறாகக் கற்ற பழக்கம் என்றனர். வாகியா, பலன் கிடைக்குமா கிடைக்காதா என்ற ஓயாத கவலையே மனத்தைக் குலைக்கிறது என்று கருதினார். ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம் (புலனடக்கம்), தாரணை (மனத்தை ஒன்றில் நிறுத்துதல்), தியானம் என்ற ஐந்து படிகளில் பலன்மீதான அந்தப் பற்றைத் தளர்த்துவதே சிகிச்சை. மற்ற மருத்துவத்தில் குணமடையாத, பதற்றமும் மனஉடல் கோளாறும் கொண்ட நோயாளிகள் பல வாரங்கள் பயிற்சிக்கு வந்தனர்.

முன்னோர் சொன்னதாலேயே இது பலிக்கும் என்று குழு விட்டுவிடவில்லை. அதுவே இதன் பெருமை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவினருக்குப் போலிச் சிகிச்சை தந்தனர். அவர்கள் ஆசனம் போன்ற நிலைகளில் இருந்தார்கள், பிராணாயாமம் போல மூச்சு விட்டார்கள், மனத்தில் தோன்றியதையெல்லாம் தாளில் எழுதினார்கள். முழு முறையைப் பின்பற்றியவர்களே கூடுதலாகத் தேறினர் என்று 1973இல் வெளியான கட்டுரைகள் கூறின. ஆனால் வேலைக்கு ஓடும் நகரத்தில் நாள்தோறும் வரக்கூடியவர் எத்தனை பேர்? தொடர்ந்து வந்தவர்களை வைத்து எடுத்த முடிவை எல்லோருக்கும் பொருத்துவது கடினம்.

கட்டுரையாளர்களில் ஒருவரான திலீப் ஜெஸ்தே பின்னாளில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் தலைவரானார். இந்த வகை ஆய்வு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் தொடர்ந்தது. கடும் மனச்சோர்வு கொண்ட 45 பேரிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், மின்அதிர்வுச் சிகிச்சையால் 93 விழுக்காட்டினரும், இமிப்ரமின் மாத்திரையால் 73 விழுக்காட்டினரும், சுதர்சன கிரியை மூச்சுப் பயிற்சியால் 67 விழுக்காட்டினரும் நோய் நீங்கப்பெற்றனர்.