மலாக்காவுக்கு பஸ்ஸில் ஒரு பயணம்

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, மலாக்காவை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. சுமார் 240 கிலோமீட்டர். பஸ்ஸில் நாலு மணி நேரம். எல்லையில் கூட்டம் இருந்தால் ஐந்தாறு மணி நேரமும் ஆகலாம். "காரில் போகலாமே மாமா" என்றார் மாப்பிள்ளை. தரை வழியாக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நான் அதுவரை போனதில்லை. பஸ்தான் என்று சொல்லிவிட்டேன். என் மனைவியும் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் கிளம்பிவிட்டாள்.

எல்லையில் இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும். சிங்கப்பூர் பக்கம் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு மறுபடி பஸ் ஏறி, பாலம் தாண்டியதும் மூட்டை முடிச்சுகளோடு மலேசியப் பக்கம் இறங்கி, சோதனை முடித்து, பஸ்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரி இருக்கும். வண்டி எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்வது நல்லது. ஜலசந்திக்குக் குறுக்கே 1924-இல் திறந்த பழைய பாலம் ஒன்று உண்டு. எங்கள் பஸ் 1998-இல் திறந்த இரண்டாவது பாலம் வழியாகப் போனது.

ஜொகூர் மாநிலத்துக்குள் நுழைந்ததும் இரு பக்கமும் எண்ணெய்ப்பனை. மணிக்கணக்கில் அதே காட்சி. ஒரு காலத்தில் இந்தப் பகுதிகளில் பல இடங்களில் ரப்பர் இருந்தது. மலாயாவில் வணிகமுறையில் போட்ட முதல் ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான், 1896-இல், டான் சே யான் என்ற சீன வணிகர் தொடங்கினார். அதன்பின் தோட்டங்கள் பெருக, பால் வெட்ட நம் மாவட்டங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். மலேசியத் தமிழர் என்றால் நமக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, கூலிக்கு அல்லாமல் முதலாளிகளாக வந்திறங்கிய தமிழர்கள் உண்டு. அவர்கள் வந்த ஊர்தான் மலாக்கா.

மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்தில் இறங்கி, உள்ளூர் பஸ் பிடித்தால் சிவப்புச் சதுக்கத்துக்குப் போய்விடலாம். டச்சுக்காரர்களின் பழைய நிர்வாக மாளிகையும், 1753-இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயமும் செக்கச்செவேலென்று நிற்கின்றன. பூ அலங்காரம் செய்த சைக்கிள் ரிக்‌ஷாக்கள் சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு சுற்றுகின்றன. பின்னால் இருக்கும் குன்றடியில் போர்த்துக்கீசியக் கோட்டையின் வாசல் ஒன்று மட்டும் மிச்சம். கோட்டையின் மற்ற பாகங்களை 1807-இல் ஆங்கிலேயர்கள் தகர்த்துவிட்டார்கள். போர்த்துக்கீசியர் கட்டிய அந்த வாசலின் நெற்றியில் டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் இருக்கின்றன. ஊரை 1511-இல் போர்த்துக்கீசியரும், 1641-இல் டச்சுக்காரரும் பிடித்தார்கள். 1824 ஒப்பந்தப்படி அது ஆங்கிலேயரிடம் போனது. அந்த ஒரு வாசலைப் பார்த்தாலே இந்த வரலாறு விளங்கிவிடும்.

இத்தனை பேர் இந்த ஊருக்கு அடித்துக்கொண்டதற்குக் காரணம் காற்று. பாய்மரக் காலத்தில் ஒரு பருவக் காற்று கப்பல்களைக் கொண்டுவந்து சேர்க்கும். திரும்பிப் போக அடுத்த காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து துணி வரும். கிழக்கே மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கிராம்பும் ஜாதிக்காயும், சீனத்திலிருந்து பட்டும் பீங்கானும் வரும். சுல்தான் ஆட்சியில் துறைமுகத்துக்கு நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள். குஜராத்திகளுக்கென்று ஒருவர் இருந்தார். நம் கரையையும் வங்காளத்தையும் சேர்ந்தவர்களை இன்னொருவர் கவனித்தார். அங்கே 84 மொழிகள் பேசப்பட்டதாக அப்போது வாழ்ந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துக்கீசியர் எழுதியிருக்கிறார்.

அந்தத் தமிழ் வணிகர்களில் ஒருவரைப் போர்த்துக்கீசிய ஏடுகள் நைனா சட்டு என்று குறிக்கின்றன. 'நயினா' என்ற முதல் பாதியே நம் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுகிறது. 1509-இல் வந்த முதல் போர்த்துக்கீசியக் கூட்டத்தில் சிலர் சுல்தானிடம் சிறைப்பட்டபோது, அவர்களுக்கு ரகசியமாக உதவியவர் இவர். இரண்டு ஆண்டு கழித்து அல்புகெர்க் பெரும் படையோடு வந்து ஊரைப் பிடித்ததும், நன்றிக்கடனாக இவருக்கு பெண்டகாரா என்ற உயர்பதவி கொடுத்தார். மூன்றே ஆண்டுகள். 1514-இல் அந்தப் பதவியைப் பறித்து சுமத்ராவின் கம்பார் மன்னருக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். அவமானம் தாங்காத நைனா சட்டு, அகில் கட்டைகளால் சிதை அடுக்கச் சொல்லி, ஊர் பார்க்க அதில் இறங்கி உயிரை விட்டார். அவரைத் துரோகி என்பதா, வணிகத்தைக் காப்பாற்ற நினைத்தவர் என்பதா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. புது எஜமானை நம்பிப் பழைய எஜமானைக் கைவிட்டவருக்குக் கிடைத்த பலன் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

காற்றுக்காகக் காத்திருந்தவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் மலாக்கா சிட்டிகள். பொற்கொல்லர் தெருவில் 1781-இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சு அரசு தந்த நிலம். சில அடி தள்ளி 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதையும் தாண்டினால் பழமையான சீனக் கோயில். கோயிலில் சரோங் கெபாயா உடுத்திய ஒரு வயதான அம்மாள் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். என் மனைவி தமிழில் பேச்சுக் கொடுத்தாள். அவர் சிரித்துக் கைகூப்பி, மலாயில் ஏதோ சொன்னார். சிட்டிகளின் வீட்டு மொழி மலாய்தான். டச்சுக்காரர்கள் வணிகத்தைத் தங்கள் கையில் இறுக்கிப் பிடித்ததும் சிட்டிகளின் கை தாழ்ந்துவிட்டது. பலர் ஊருக்கு வெளியே விவசாயத்துக்குப் போனார்கள். இன்று எஞ்சியிருப்பவர்களில் பலருக்கு காஜா பெராங் பகுதிதான் பூர்வீகம்.

ஆனால் பெயரில் இன்னும் பிள்ளையும் படையாச்சியும் ஒட்டியிருக்கின்றன. போகியன்று வாழையிலை போட்டு முன்னோர்களுக்குப் படைக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்ச்சு'. மாரியம்மன் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என்கிறார்கள்; மலாயில் சாச்சார் என்றால் அம்மை. சொல் மாறிவிட்டது, ஆத்தாள் மாறவில்லை.

என் பேரன் பள்ளியில் தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கிறான். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். மொழி போனால் எல்லாம் போயிற்று என்று மகளிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அன்று கோயிலை விட்டு வெளியே வந்ததும் என் மனைவி, "பேச்சு மறந்தாலும் படையல் போட மறக்கலை பாருங்க, வீட்டுப் பெண்கள் விடாம செஞ்சதுதான் நின்னிருக்கு" என்றாள். உண்மைதான். அதே சமயம், அந்த அம்மாளுக்கு ஒரு தேவாரத்தின் பொருள் எட்டாது என்பதும் உண்மை. அந்த இழப்பைச் சின்னது என்று என்னால் சொல்ல முடியாது. சண்டையை விடப்போவதில்லை. ஆனால் அடுத்த போகிக்குப் பேரனை அருகில் உட்காரவைத்து இலை போடச் சொல்லிக்கொடு என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

மலாக்கா போகிறவர்கள் பெரும்பாலும் சிவப்புக் கட்டடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் ஒரு இரவு தங்குங்கள். காலையில் பொற்கொல்லர் தெருவுக்கு நடந்தே போகலாம். அப்புறம் ஒரு டாக்ஸி பிடித்து காஜா பெராங்குக்கும் போய் வாருங்கள். 'கோபக்கார யானை' என்பது அந்தப் பெயருக்கு அர்த்தம்.