ஒரு இடைவெளி போதும், கணினியைக் காலி பண்ண

'பலகை' என்று சேர்த்து எழுதினால் மரப்பலகை. 'பல கை' என்று பிரித்தால் பல கைகள். இலக்கணத்தில் இதைப் பொதுமொழி என்பார்கள். 2011-ல் இதே மாதிரி ஒரு இடைவெளி சில பேருடைய லினக்ஸ் கணினிகளைப் படுக்க வைத்தது.

அந்தக் காலத்தில் வந்த பல லேப்டாப்களில் இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் இருக்கும். சாதாரண வேலைக்கு இன்டெல், கனமான வேலைக்கு என்விடியா. லினக்ஸில் இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடாது. அதை ஓட வைக்க ஆர்வலர்கள் எழுதிய திறமூல மென்பொருள்தான் பம்பிள்பீ. அதை நிறுவ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் கொடுத்திருந்தார்கள். பழைய என்விடியா கோப்புறை ஒன்றை நீக்குவதற்காக அதில் ஒரு வரி. தமிழ் எழுத்தில் காட்டினால் இப்படி இருக்கும்:

ஆர்எம் -ஆர்எஃப் /யுஎஸ்ஆர் /லிப்/என்விடியா-கரன்ட்/...

'/யுஎஸ்ஆர்' என்பதற்குப் பிறகு ஒரு இடைவெளி விழுந்திருக்கிறது, கவனித்தீர்களா? 'ஆர்எம்' என்பது நீக்கும் கட்டளை. ஒரே பாதையாக இருக்க வேண்டியது இரண்டாகப் பிரிந்துவிட்டது. சின்னக் கோப்புறைக்குப் பதிலாக '/யுஎஸ்ஆர்' முழுவதும் போச்சு. கணினியின் பெரும்பாலான நிரல்கள் குடியிருப்பதே அங்கேதான். நிறுவுகிற ஸ்கிரிப்ட் என்பதால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடியது, தடுக்க ஆளில்லை.

பிழைத்திருத்தம்? ஒரே ஒரு இடைவெளியை எடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தத் திருத்தத்தின் கீழே உலகம் முழுக்க இருந்து கேலியும் படங்களும் வந்து குவிந்தன. நானும் முதல்முறை படித்தபோது சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த வரியை என்னிடம் ரிவ்யூவுக்குக் கொடுத்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேனா? இடைவெளி, மேற்கோள் குறி பற்றி யாராவது குறை சொன்னால் "அது ஸ்டைல்தானே" என்று தள்ளிவிடுகிற ஆள் நான்.

பல மொழிகளில் அது ஓரளவு நியாயம்தான். சி மொழியில் கூட்டல் குறிக்கு இருபக்கமும் இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் விடை ஒன்றே. ஷெல் அப்படி இல்லை. 1971-ல் கென் தாம்சன் எழுதிய முதல் யுனிக்ஸ் ஷெல், மனுஷன் விசைப்பலகையில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டுவதற்கான கருவி. சொற்களைப் பிரிக்க இடைவெளிதான் கைக்கு வசதி. பிற்பாடு அதிலேயே பெரிய பெரிய ஸ்கிரிப்ட்கள் எழுத ஆரம்பித்தோம், அந்த விதி மட்டும் கூடவே வந்துவிட்டது. அதனால் ஷெல்லில் இடைவெளி அழகுக்கான விஷயம் இல்லை, அர்த்தமே அதுதான்.

சரி, ஸ்டைலை ஒழுங்காகப் பார்த்தால் போதுமா? அதுவும் போதாது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளில் இன்னொன்று வெளியே வந்தது. ஸ்டீம் திறமூலம் இல்லை. ஆனால் அதைத் தொடங்கி வைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் யாரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் உரைக்கோப்பு. அதில் ஸ்டீம் இருக்கும் கோப்புறையின் பாதையை ஒரு மாறியில் வைத்து, அந்த மாறி, ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக்குறி என்று எழுதி 'ஆர்எம்' கொடுத்திருந்தார்கள். மேற்கோள் குறியெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றிய ஒருவருக்குப் பாதை கிடைக்காமல் மாறி காலியாகிவிட்டது. மிச்சம் இருந்தது சாய்கோடும் நட்சத்திரமும்தான். அதாவது, கணினியில் உள்ள எல்லாமே. அவர் தொடக்கூடிய கோப்புகள் அத்தனையும் போயின. காப்புப் பிரதி வைத்திருந்த வெளி வட்டும் இணைப்பில் இருந்ததால் அதுவும் தப்பவில்லை.

இதில் என்னை உறுத்துவது, அந்த வரிக்கு மேலேயே 'பயமா இருக்கு' என்ற பொருளில் ஒற்றைச் சொல் குறிப்பு ஒன்று இருந்ததுதான். எழுதியவருக்கே பயம் இருந்திருக்கிறது. "இந்த மாறி காலியா இருந்தா என்ன ஆகும்?" என்ற கேள்விக்குத்தான் அங்கே பதில் இல்லை. பதில் பெரிய வித்தையும் இல்லை. மாறியின் பெயரைச் சுருள் அடைப்புக்குள் போட்டு, பெயரை ஒட்டி முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்தால், மாறி காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

2012-ல் தொடங்கிய ஷெல்செக் என்ற திறமூலக் கருவி இந்த இரண்டு வகைப் பிழைகளையுமே இன்று எச்சரிக்கிறது. ஆனால் மாறி காலியாக இல்லாமல் தப்பான பாதையைத் தாங்கி நின்றால், அதை எந்தக் கருவியும் கண்டுபிடித்துச் சொல்லாது. அங்கே படிக்கிற மனுஷன்தான் கேட்கணும்.

இப்போதெல்லாம் திருத்தம் ஒரு எழுத்துதான் என்றால்தான் நான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அந்த எழுத்தைச் சரிபார்க்க அரை நிமிஷம் போதும். ஒரு எழுத்துப் பிசகினால் இவ்வளவு அழியும்படி அந்த வரியை ஏன் எழுதி வைத்திருக்கிறோம் என்று யோசிக்கத்தான் மீதி நேரம்.