ஸ்டாசியில் ஒரு நல்லவன் இருந்தானா?

'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' 2006-ல் வந்த ஜெர்மன் படம். மறு வருடம் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கவும், கதையைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியவில்லை.

1984, கிழக்கு பெர்லின். ஸ்டாசி எனும் ரகசிய போலீஸில் வீஸ்லர் ஒரு கேப்டன். ஒரு நாடக ஆசிரியரின் வீட்டுக்கு மேலே பரணில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, அவர் பேசுவதையெல்லாம் ஒட்டுக் கேட்கிறார். கேட்கக் கேட்க மனம் மாறுகிறது. பொய் அறிக்கை எழுதி அந்த எழுத்தாளரைக் காப்பாற்றுகிறார். உல்ரிச் மூஹெ என்ன நடிப்பு! (நிஜத்தில் இவர் ராணுவ சேவையில் பெர்லின் சுவரைக் காவல் காத்தவர்.)

சரி, வரலாற்றுக்கு வருவோம். ஸ்டாசியின் பழைய சிறை ஒன்று ஹோஹென்ஷோன்ஹவுசனில் இருக்கிறது, இப்போது நினைவகம். அங்கே படம் எடுக்க அனுமதி கேட்டார் இயக்குநர் டோனர்ஸ்மார்க். அப்போது நினைவகத்தின் தலைவராக இருந்த ஹூபர்டஸ் க்னாபே மறுத்துவிட்டார். ஸ்டாசி அதிகாரியை நாயகன் ஆக்குவதை அவரால் ஏற்க முடியவில்லை. 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' மட்டும் எடுக்கலாமா என்று கேட்டதற்கு க்னாபே சொன்ன பதிலின் சாரம்: ஷிண்ட்லர் நிஜமாகவே இருந்தார், வீஸ்லர் இல்லை.

எனக்கு க்னாபே பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காரணம் அந்த அலுவலகம் இயங்கிய விதம். போன், மைக் ஒட்டுக்கேட்பெல்லாம் 26-ம் பிரிவின் வேலை. அவர்கள் எழுதி அனுப்புவதைப் படிப்பவர் வேறு அதிகாரி. வீடு முழுக்க மைக் வைத்து ஒரே ஆள் கேட்டு, எழுதி, மறைப்பது சினிமாவில்தான் முடியும். 1989-ல் ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் மட்டுமே சுமார் 91,000 பேர். ஒருவரை ஒருவர் கவனித்தபடி.

துணிந்தால் என்ன ஆகும்? வெர்னர் டெஸ்கே என்ற ஸ்டாசி கேப்டன் ஆவணங்களை வீட்டில் பதுக்கி, மேற்கு ஜெர்மனிக்கு ஓடத் திட்டமிட்டார். ஓடவில்லை, திட்டம் மட்டும்தான். 1981 ஜூனில் லைப்சிக் சிறையில் பின்னந்தலையில் சுட்டுக் கொன்றார்கள். வீஸ்லருக்கோ தண்டனை தபால் பிரிவில் கடிதம் பிரிக்கும் வேலை! இங்கேதான் படம் ரொம்ப இரக்கப்பட்டுவிட்டது.

படத்தில் எழுத்தாளர் பிற்பாடு தன் கோப்பைப் படித்து, தன்னைக் காத்தவனைக் கண்டுபிடிக்கிறார். நிஜத்தில் 1992 ஜனவரியில் கோப்புகள் திறந்தபோது பலர் கண்டுபிடித்தது காட்டிக்கொடுத்த நண்பர்களை. வேரா வோலன்பெர்கர் என்ற எதிர்ப்பாளரை 'டொனால்ட்' என்ற புனைபெயரில் உளவு பார்த்தவர் அவருடைய கணவர்.

அப்படியானால் ஸ்டாசியில் ஒருவர்கூட மாறவில்லையா? ஒருவரைச் சொல்லலாம், ஆனால் அவரைப் பரணில் தேடக்கூடாது. ஹரால்ட் யேகர், ஸ்டாசி லெப்டினன்ட் கர்னல். 1989 நவம்பர் 9 இரவு போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில் பணியில் இருந்தார். வெளியே கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. மேலதிகாரிகளுக்குப் போன் மேல் போன் போடுகிறார். தெளிவான உத்தரவு இல்லை, அவர் சொல்வதையே அவர்கள் சந்தேகப்படுகிறார்கள். இரவு பதினொன்றரை வாக்கில் தன் பொறுப்பில் கதவைத் திறக்கச் சொன்னார்.

இதை மனசாட்சி என்பதா, பயம் என்பதா, மேலதிகாரிகள் மீதான கடுப்பு என்பதா? மூன்றும் கலந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீஸ்லரை மாற்றியது ஒரு பியானோ இசை. யேகரை மாற்றியது வாசலில் நின்று கத்திய ஜனம். படம் இந்த ஜனத்தைக் காட்டவே இல்லை.

சுவர் விழுந்தபிறகு படத்தில் வீஸ்லர் வீடு வீடாக விளம்பரத் தாள் போடுகிறார். யேகர் வேலையில்லாமல் இருந்து, பிறகு பெர்லினில் பேப்பர் கடை வைத்தார்.