தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிரீன்

மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்த முடியுமா என்று யாரேனும் உங்களிடம் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? "புத்தகங்கள் வேண்டுமே, கலைச்சொற்கள் வேண்டுமே" என்று தயங்கலாம். அந்தத் தயக்கத்தை நூறாண்டுகளுக்கு முன்பே செயலால் போக்கிக் காட்டிய ஒருவரைப் பற்றி இங்கே காண்போம். அவர் தமிழர் அல்லர், அமெரிக்கர்.

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் அனுப்பிய மருத்துவராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலேயே மானிப்பாயில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே, உள்ளூர் இளைஞர்கள் சிலருக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். மதப்பணிக்காக வந்தவர்தாம்; ஆனால் அவர் விட்டுச் சென்ற அறிவுப் பணி எல்லோருக்கும் பொதுவானது.

முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அதில் ஒரு குறையைக் கண்டார். ஆங்கிலத்தில் தேறியவர்கள் நல்ல சம்பளம் தேடி வெளியூர்களுக்குச் சென்றுவிட்டனர். கிராமத்து நோயாளி பழைய நிலையிலேயே இருந்தான். மக்களின் மொழியில் படித்தவனே மக்களிடையே தங்குவான் என்று கிரீன் கருதினார். இடையில் தாயகம் சென்று 1862-இல் திரும்பிய அவர், 1864-இல் தொடங்கிய வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார். இதற்காகத் தமிழை முயன்று கற்றிருந்தார்.

பாடநூல்கள்? அவற்றையும் அவரே உருவாக்கினார். கல்விக்கூடங்களுக்கும் குடும்பங்களுக்குமென்று அமெரிக்க மருத்துவர் கால்வின் கட்டர் எழுதிய உடல்நல நூல் 1850-களிலேயே தமிழாயிற்று. அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867-இல் வெளிவந்தது. உலகப் புகழ்பெற்ற 'கிரே'யின் உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் முதலில் வந்தது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில், 1872-இல், அது 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் கிடைத்தது! இந்தப் பணியில் அவருடைய மாணவர்களும் தோள் கொடுத்தனர்.

கலைச்சொற்களுக்கு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவர் வகுத்த முறை எளியது. முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடுவார். இல்லையெனில் வடமொழியில் தேடுவார். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். வேதியியல் அவருடைய நூலில் 'கெமிஸ்தம்' ஆயிற்று. உடலின் இயக்கத்தைச் 'சுகரணவாதம்' என்றும், உடல்நலம் பேணுவதை 'உற்பாலனம்' என்றும் குறித்தார். இன்று இவை வழக்கில் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாச் சொற்களும் கிடைத்த பிறகு கற்பிப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. கற்பித்தார், கற்பித்தபோதே சொற்களும் பிறந்தன.

அவரிடம் பயின்ற மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள். 1873-இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் பணி நிற்கவில்லை. 'கெமிஸ்தம்' 1875-இலும் 'மனுஷ சுகரணம்' 1883-இலும் வெளிவந்தன. 1884 மே மாதம் தாம் பிறந்த ஊரிலேயே காலமானார்.

அவர் தொடங்கிய தமிழ் மருத்துவ வகுப்பு அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் தோன்றிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. அரசு வேலையும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கமே இருந்தன. தமிழால் இயலாமல் அம்முயற்சி நின்றதாக எண்ணிவிடாதீர்கள். தமிழில் படித்தவனுக்கு வேலையும் மதிப்பும் தரும் ஏற்பாடு இல்லாததால்தான் அது நின்றது. மானிப்பாயில் கிரீன் நினைவு மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழில் அறிவியல் பயிலும் மாணவர்களே, உங்கள் பாடநூலில் ஒரு கலைச்சொல் புதிதாகவும் கரடுமுரடாகவும் தோன்றினால் சோர்ந்துவிடாதீர்கள். பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் சொல் பழகும்.