கரடியின் எதிரே எந்தத் துப்பாக்கி?

கென்னத் ஆண்டர்சன் 1957 இல் வெளியிட்ட நூலில் மைசூர்ப் பகுதியின் ‘கறுப்புக் கரடி’ பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவர் அந்தத் தலைப்பை மட்டும் பார்த்தால் தம் நாட்டு விலங்கையே நினைத்துக்கொள்வார். வட இந்தியர் இமயமலைக் கரடியை நினைப்பார். ஆண்டர்சன் எழுதியதோ கரையான் புற்றைத் தோண்டித் தின்னும் தென்னாட்டுக் கரடியைப் பற்றி. சங்கப் பாடல்கள் ‘எண்கு’ என்று சுட்டுவதும், தெலுங்கர் ‘எலுகு’ என்று அழைப்பதும் இதுவே. ஐரோப்பிய விலங்கியலாளர் இதன் நீண்ட நகங்களையும், மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாமையையும் கண்டு, 1791 இல் இதைத் தென்னமெரிக்க மரவாழ் விலங்கான ஸ்லாத்தின் இனத்தில் சேர்த்துவிட்டனர். அந்தப் பிழையின் மிச்சம் ஆங்கிலப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர்க் குழப்பத்தைப் போலவே ஆயுதக் குழப்பமும் உண்டு. கறுப்புக் கரடியை ரிவால்வரால் வேட்டையாடும் வழக்கம் அமெரிக்காவில் 1950களுக்குப் பின்னரே பரவலாயிற்று. எல்மர் கீத் என்ற எழுத்தாளர் நெடுங்காலம் வற்புறுத்தியதன் பயனாக, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமும் ரெமிங்டன் நிறுவனமும் இணைந்து .44 மேக்னம் தோட்டாவை 1955இன் இறுதியில் கொண்டுவந்தன. எந்த நீளக் குழல், எத்தனை எடையுள்ள ரவை, திறந்த குறிமுள்ளா தொலைநோக்கியா என்ற விவாதங்களெல்லாம் அதன்பின் கிளைத்தவை. அவ்விவாதங்களை இந்தியக் காட்டின் பழைய வேட்டைக் கதைகளுக்குள் கொண்டுவந்து படிப்போர் ஏமாறுவர். இங்கே ரிவால்வர் ஒருபோதும் கரடி வேட்டையின் கருவியாக இருந்ததில்லை.

காரணம் எளிய கணக்குதான். பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் செருகியிருந்த .455 வெப்லி ரிவால்வரின் ரவை ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ளது; நொடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் செல்லும். ஆண்டர்சன் விரும்பிப் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் ரைஃபிளின் ரவை அதைவிடச் சிறிதே கனமானது, ஆனால் வேகம் நொடிக்கு 670 மீட்டர். தாக்கும் ஆற்றலில் இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. .44 மேக்னம் கூட வெப்லியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்குதான். சடைசடையாகத் தொங்கும் மயிரும் தடித்த தசையும் கொண்ட விலங்கு சில அடி தூரத்தில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கையில் வெப்லியால் சுடுவது, சுட்டவர் மனத்துக்கு ஆறுதல் தந்திருக்கலாம். கரடியை நிறுத்தியிருக்கும் என்று நம்ப இடமில்லை.

ஆயினும் கடைசி நொடிக்கான கைத்துப்பாக்கி என்ற எண்ணம் இந்தியக் காட்டிலிருந்தே வலுப்பெற்றது. யானை அம்பாரியின் மேல் புலி தாவி ஏறினால் சுடுவதற்கென்று இரட்டைக் குழல் கைத்துப்பாக்கிகள் செய்யப்பட்டன. .577 போன்ற பெரிய அளவுகளில் வந்த அவற்றுக்கு அம்பாரியின் பெயரே அமைந்தது. இந்தச் சிந்தனையை இரு திசைகளிலும் நீட்டிப் பார்த்தவர் ஜார்ஜ் வின்சென்ட் ஃபாஸ்பரி. வங்காளப் படையில் பணியாற்றி, 1863 இல் வடமேற்கு எல்லையின் அம்பேலாப் போரில் விக்டோரியா சிலுவை பெற்றவர். 1885 இல் அவர் காப்புரிமை பெற்ற ‘பாரடாக்ஸ்’ குழல், முழுவதும் வழவழப்பாக இருந்து, வாயருகே சில அங்குலம் மட்டும் திருகுவரி கொண்டது. ஒரே துப்பாக்கியில் காலையில் சிறு குண்டுகளால் காடையும், மாலையில் கனத்த ரவையால் கரடியும் சுடலாம். எத்தனை துப்பாக்கிகளைக் கூலியாள் தலையில் ஏற்றுவது என்று கவலைப்பட்ட முகாம் அதிகாரிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் இதை விற்றுப் பெயர் பெற்றது. அதே ஃபாஸ்பரிதான் பின்வாங்கும் விசையாலேயே உருளை சுழன்று சுத்தியலும் ஏறும் தானியங்கி ரிவால்வரையும் வகுத்தார். 1901 முதல் வெப்லி நிறுவனம் அதைத் தயாரித்தது. வேட்டைக்காரர் கொண்டாடியது முன்னதை. பின்னது சேற்றையும் தூசியையும் தாங்காத பொருள் என்ற பேரையே ஈட்டியது.

குறிபார்த்தலோ தோட்டாவைவிடப் பெரிய சிக்கல். இக்கரடி பெரும்பாலும் அந்திக்குப் பின் உலவுவது, இருட்டில் கறுப்பு. உருவத்தின் எல்லை எது, வெறும் மயிர் எது என்று பகலிலேயே பிரித்தறிவது கடினம். மார்பில் உள்ள வெளிறிய வளைவு ஒன்றே கண்ணுக்கு அகப்படும் அடையாளம். ஆகவே குறிமுள்ளில் தந்தமணி, வெள்ளைப் பூச்சு, குழல் முனையில் கட்டிய பஞ்சு எனப் பரணில் அமர்ந்தோர் பலவற்றை முயன்றனர். 1920களில் மின்கல டார்ச்சைக் குழலோடு பிணைக்கும் வழக்கம் வந்தது; 1926 இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையைத் தேடிய ஜிம் கார்பெட்டும் அதை நாடினார்.

இவை அனைத்தும் வேட்டைக்காரரின் தேர்வுகள் போலத் தோன்றும். உண்மையில் தேர்வின் பெரும்பகுதி அரசினுடையது. 1907 வாக்கில் .450 அளவுத் தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வருவதைப் பிரிட்டிஷ் அரசு தடுத்தது. கிளர்ச்சியாளர் கையில் சிக்கிய பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்கு அவை தீனியாகும் என்ற அச்சமே காரணம். லண்டன் துப்பாக்கிக் கடைகள் உடனே .465, .470, .475 என்று புதிய அளவுகளை வகுத்தன. பிற்காலச் சேகரிப்பாளர்கள் வியந்து பேசும் இந்த எண்களின் பின்னே புலியும் இல்லை, கரடியும் இல்லை. ஒரு குடிமக்கள் கூட்டத்தின்மீது அரசு கொண்ட ஐயமே இருந்தது.

அந்த ஐயத்தின் முழு வடிவம் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். இந்தியர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம், ஐரோப்பியருக்கு விலக்கு. குடகர்களுக்கு மட்டும் 1861 முதலே கிடைத்திருந்த தனிச்சலுகை இன்றளவும் தொடர்கிறது. மற்றபடி, இலுப்பைப் பூப் பொறுக்கவும் தேனெடுக்கவும் விறகு வெட்டவும் விடியுமுன் காட்டுக்குள் போனவர்கள் கையில் இருந்தது கோடரியும் அரிவாளும்தான். மோப்பம் கூர்மையாயினும் கண்ணும் காதும் மந்தமான கரடி, மிக அருகில் வரும்வரை மனிதரை உணராது. உணர்ந்ததும் திடுக்கிட்டு முகத்தைக் குறிவைத்துப் பாயும். பிழைத்தவர்கள் பலர் கண்ணையோ மூக்கையோ இழந்தனர். காலனி அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட கணக்குகளில் புலி, சிறுத்தை, ஓநாயோடு கரடியால் இறந்தோருக்கும் ஒரு பத்தி இருந்தது. முகமிழந்து உயிர்தப்பியோர் அந்த இறப்புப் பத்தியில் அடங்கமாட்டார்கள். கொன்றவருக்கு வெகுமதி அறிவித்த அதே அரசு, கொல்லத்தக்க கருவியை உள்ளூரார் கையில் தர மறுத்தது. 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் ஒன்று என்பதை அகிம்சையின் வரலாறு எழுதுவோர் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை.

மும்பையில் மான்குர்த்தில் ஹார்பர் ரயில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் ஹார்ன்பில் ஹவுஸ் வரும். 1883 செப்டம்பர் 15 அன்று எட்டுப் பேர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இல்லம் அது. அந்த எண்மரில் ஆத்மாராம் பாண்டுரங்கும் சகாராம் அர்ஜுனும் இந்திய மருத்துவர்கள். 1886 முதல் வெளிவரும் கழக இதழின் தொடக்ககாலப் பக்கங்களை நிரப்பியோரில் துப்பாக்கி ஏந்திய அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் மிகுதி. கரடியின் உணவையும் குட்டி வளர்ப்பையும் பற்றி அவர்கள் குறித்துவைத்தவை பயனுள்ளவை. கரடி முகத்தில் அறைந்த விறகுவெட்டி தன் கதையைத் தானே எழுதிய பக்கத்தை அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இன விலக்கைக் களைந்த நிலையிலேயே பிறந்தது. ஆனால் தர வரிசை நீங்கவில்லை. பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்று சட்டமே எழுதிவைத்தது. .38, .455 ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட அளவுகளாயின. பொதுமக்களுக்குக் கிட்டுவது பெரும்பாலும்.32. அதன் ஆற்றல் பழைய வெப்லியின் பாதிகூட இல்லை. கரடியின் முன் அது வெறும் ஓசை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே முடித்துவைத்தது. இக்கரடி இன்று அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட கரடியைக் கொல்லும் அனுமதிகூட மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்தாணையால் மட்டுமே வரும். வனத்துறை முதலில் எடுப்பதும் கூண்டும் மயக்க ஊசியும்தான்.

நீலகிரியின் தேயிலைச் சரிவுகளில் கரடி இன்றும் இறங்குகிறது. பணிக்குச் செல்வோர் கையில் ஆயுதம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தனியே போகாமல், உரக்கப் பேசிக்கொண்டு போகிறார்கள்; மந்தமான காதுக்கு மனிதர் வருவது முன்னரே எட்டிவிட்டால் கரடி பெரும்பாலும் விலகிப் போய்விடுகிறது.