இழவு சொன்னவர் வீட்டுச் சாவுகள்

என் அம்மாயி குடியிருந்த மனைக்குப் பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தால் வந்த பட்டா. மிராசுதார் 'போ' என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய நிலையில் இருந்த கீழத்தஞ்சைச் சேரி சனங்களுக்கு, இருக்கிற இடத்தைச் சொந்தமாக்கிய சட்டம் அது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. செங்கொடி பிடித்து அடிபட்டு வாங்கியது.

அந்தப் பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றலாமென்று 2016-ல் அலுவலகத்துக்குப் போனேன். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்குச் செத்துப்போன பிள்ளைகளின் சான்றிதழ்களும் வேண்டும். தாத்தா எந்தத் தேதியில் இறந்தார்? வீட்டுக்கு வந்து அம்மாயியைக் கேட்டேன்.

"குறுவைக்கு மருந்தடிக்கயில."

"எந்த வருசம்?"

"ரெண்டாம் புயலு அடிச்சிச்சே, அந்த வருசம். புயலு ஐப்பசிக் கடைசியில வந்திச்சு. ஒங்க தாத்தா ஆடியிலயே போயிட்டாரு."

இரண்டாம் புயல் என்றால் 1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்துப் பக்கம் கரையேறிய புயல். முதல் புயல் 1952 நவம்பர் கடைசியில் அடித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் வெண்மணி நெருப்பு. அம்மாயியின் காலண்டரில் இவ்வளவுதான் வருசங்கள். இந்த மூன்றுக்கு முன்னால், பின்னால், எத்தனையாவது அறுப்பில் என்று கணக்கு வைத்து எல்லாப் பிறப்பையும் சாவையும் சொல்லிவிடும். ஆனால் 'புயலுக்கு முந்தின ஆடி' என்று படிவத்தில் எழுத முடியாது. இறப்பு பதிவாகவில்லை என்று முதலில் ஒரு சான்று வாங்க வேண்டும், அதை வைத்து மேலே மனுப் போட வேண்டும் என்றார்கள். எழுதாமல் விட்டதற்கே எழுத்தில் ஒரு சான்று!

படிவத்துக்காக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அம்மாயி ஒருவரைச் சொன்னால் அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். படிவத்துக்குத் தேவையில்லாதவர்களும் வந்தார்கள். எம்.ஏ.யில் கையறுநிலைத் துறையை விளக்கிப் பரீட்சை எழுதியவள் நான். மாண்டுபோன மன்னனையும் வள்ளலையும் நினைத்துப் புலவர்கள் கலங்கிப் பாடியதையெல்லாம் உரையோடு படித்தேன். என் வீட்டில் யார் யார் எப்படிச் செத்தார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

தாத்தாவின் அப்பாவிலிருந்து சொல்கிறேன். அவருக்கு மேலே யாரையும் அம்மாயிக்குத் தெரியவில்லை.

அவர் ஒரு பண்ணையில் ஆள். அதோடு ஊருக்கு வெட்டியான். பறையர் வீடுகளில் அந்த வேலை எங்கள் வீட்டுக்கு என்று இருந்தது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் பட்டாமணியத்தின் வாசலுக்கு எட்ட நின்று சொல்ல வேண்டும். பிறகு செத்தவரின் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் நடந்துபோய் இழவு சொல்ல வேண்டும். எழுதிக் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. துண்டின் நுனியில் ஊருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வாராம். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அவிழ்ப்பாராம். முடிச்சு தீர்ந்த ஊரிலிருந்துதான் திரும்பி நடப்பது. தெருவுக்குள் போகக்கூடாது. தெருமுனையில் நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். திண்ணையில் இருக்கிறவர்கள் நெல்லோ காசோ தரையில் வைத்துவிட்டு உள்ளே போவார்கள்.

முதல் புயலுக்கு முந்தின வருசம் அம்மாயி வாக்கப்பட்டு வந்தது. புயல் அடித்து ஓய்ந்த தை மாதம், ஒரு மிராசுதாரின் தாயார் செத்துப்போனார். மாமனார் இழவு சொல்லக் கிளம்பினார். ஏழு முடிச்சு. மூன்று நாள் நடை. ஊருக்கு ஊர் தண்ணீர் கெட்டுக் கிடந்த சமயம். வந்தவர் காய்ச்சலோடு படுத்தார், நாலாம் நாள் விடியலில் அடங்கிவிட்டார்.

அன்றைக்கு அறுப்பு. பண்ணையில் ஆளை விடவில்லை. மதியத்துக்கு மேல்தான் ஆண்கள் கரையேறி வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் குழி வெட்டிப் புதைத்துவிட்டு மறுநாள் விடியலில் எல்லாரும் மறுபடி வயலில்.

"அவருக்கு இழவு சொல்ல யாரு போனா அம்மாயி?"

"யாரு போறது? சொல்றவரே போயிட்டாரே. ஒரு எட்டு மைலுல அவரு தங்கச்சி இருந்துச்சு. பத்து நாளு கழிச்சு வயலுக்கு வந்த ஆளு சொல்லித் தெரிஞ்சு ஓடியாந்துச்சு. மண்ணுமேல உழுந்து அழுதுட்டுப் போச்சு."

பட்டாமணியத்திடம் சொன்னீர்களா என்று கேட்டேன். அம்மாயி என்னை வேடிக்கையாகப் பார்த்தது. "நம்ம சாவ அங்க போயி எதுக்கு சொல்லணும்?" ஊர்ச் சாவெல்லாம் அவர் வாய்வழியாகத்தான் பதிவேட்டுக்குப் போனது. அவர் சாவு போகவில்லை. பரம்பரை மணியம் கர்ணம் வேலையெல்லாம் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது தாத்தாவே செத்து மூன்று வருசம்.

தாத்தாவின் அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். கல்யாணமாகி ஆறு மாதத்தில் கங்காணி பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர். ரப்பர்த் தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை அன்றைய இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அவர் அதற்கு முன்பே போனவர். பண்ணையில் சாட்டையடியும் சாணிப்பாலும் இருந்த காலம். கடலுக்கு அந்தப் பக்கம் ஆண்டை கிடையாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தடவை பணம் வந்ததாம். பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது, ஒன்றும் வரவில்லை. சண்டை முடிந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், 'அவன சயாமுக்கு ரயிலு ரோடு போடப் புடிச்சிட்டுப் போனாங்க' என்று மட்டும் சொன்னாராம்.

சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்த ஆசியக் கூலிகள் பல பத்தாயிரம் பேர். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் பெரும் பங்கு. அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, பெயரும் படைப்பிரிவும் வெட்டிய பலகையோடு. அவர்கள் பட்டதும் கொடுமைதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு பெயர்ப்பலகை இல்லை. அவர்களைத் தோட்டத்திலிருந்து கூட்டிப்போனவர்கள் பெயரெழுதிக் கூட்டிப்போகவில்லை.

அவர் பெண்டாட்டி சாகிறவரை தாலியைக் கழற்றவில்லை. அம்மாயி அவரைச் 'சின்ன மாமியா' என்று சொல்லும். கருமாதியும் செய்யவில்லை, திரும்பி வருவார் என்றும் பேசவில்லை. கேட்டால், "சேதி சொல்ல ஒருத்தரும் வரல்லியே" என்பாராம். இழவு சொல்லும் வீட்டில் வாக்கப்பட்டவர், இழவு வராததால் சுமங்கலியாகவே இருந்தார்.

பெரியம்மாவைப் பற்றி அதிகம் சொல்ல அம்மாயிக்கு வாய் வரவில்லை. வெண்மணி எரிந்த மார்கழிக்கு அடுத்த மாதம் பெரியமனுசி ஆனது. நாலு வருசம் கழித்துப் பிரசவத்தில் போய்விட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துபோனது. வயிற்றுப் பிள்ளையும்தான். அந்தப் பிள்ளையை நோட்டில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

வெண்மணியைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு அங்கே எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்கள் நமக்குத் தெரியும். நினைவிடத்தில் பொறித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் நான் போகிறேன். மிராசுதார்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்ததையும், கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று அங்கே யோசிக்கப்பட்டதையும் மேடைகளில் பேசுகிறேன். பேச வேண்டியதுதான். ஆனால் நோட்டை எழுதியபிறகு ஒரு உறுத்தல். மொத்தமாக ஒரே ராத்திரியில் கொன்றால் எங்களுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. வருசத்துக்கு ஒருவராகச் சேற்றிலும் காய்ச்சலிலும் மருந்திலும் செத்தால் அது 'ஏதோ நோவு வந்து போயிட்டாரு' என்பதோடு சரி. இயக்கத்தில் இருக்கிற நாமும் அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறோம்.

தாத்தா அப்படித்தான் போனார். தஞ்சை ஜில்லாவில் 1960 வாக்கில் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. பிறகு ஏ.டி.டி. 27 நெல் வந்தது. உரம் வந்தது, பூச்சி மருந்து வந்தது. விளைச்சல் கூடியது என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். மருந்தைத் தெளித்தது யார் என்று அதில் இல்லை. தாத்தா பண்ணைக்கு மருந்தடிக்கிற ஆள். இடுப்பில் ஒரு துண்டு, மூக்கில் கட்ட ஒன்றும் கிடையாது, எண்ட்ரினைக் கையாலேயே கலக்குவது. அந்த ஆடியில் எதிர்க்காற்றில் ஒரு நாள் முழுக்க அடித்துவிட்டு வாய்க்காலில் கைகால் கழுவியவர் அங்கேயே விழுந்து இழுத்துக்கொண்டார். தூக்கி வருவதற்குள் வாயில் நுரை.

பண்ணையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? குடித்துவிட்டான் என்றார்கள். மருந்தைக் குடித்துச் செத்துவிட்டான், போலீசுக்குப் போனால் அறுத்துக் கூறுபோட்டுத் தருவார்கள், பேசாமல் எடுத்துவிடுங்கள் என்றார்கள். அம்மாயி பயந்துபோய் எடுத்துவிட்டது. மருந்து குடித்துச் செத்தவர் பெண்டாட்டி என்ற பெயரோடு நாற்பது வருசம் இருந்தது. அதைச் சொன்னபோதுதான் அழுதது. "அவரு ஏன் குடிக்கப் போறாரு? அன்னிக்கிக் காலயில பட்டாவ மடிச்சு மூங்கிக் கொழாயில வச்சு, பத்தரமா வையின்னு எங்கையில குடுத்துட்டுப் போனாரு." மூன்று மாதத்தில் புயலில் கூரை போனது, ஆடு போனது. மூங்கில் குழாயை வயிற்றில் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறது அம்மாயி. அந்தப் பட்டாதான் இது.

மாமாவை எனக்கே தெரியும். பத்தாவதுவரை படித்தவர். என்னைப் படிக்க வைத்ததில் பாதி அவர் கூலி. தாத்தாவோடு இழவு சொல்லும் வேலை நிற்கவில்லை, விவரம் தெரியும் முன்பே மாமா தலையில் வந்து விழுந்தது. 1991, அம்பேத்கர் நூற்றாண்டு. சேரிக்குள் படம் வைத்து மன்றம் கட்டியிருந்தார்கள். அந்த வருசம் ஊர்ப் பெரியவர் ஒருவர் செத்தபோது, 'இனிமே நாங்க யாருக்கும் இழவு சொல்லப் போறதில்ல, பறை அடிக்கப் போறதில்ல' என்று மாமா ஊர்த் தெருவுக்குள் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தார். இழவு சொல்லாதவராகத்தான் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் முதன்முதலில் அந்தத் தெருவுக்குள் நடந்தது.

அன்று ராத்திரியே கட்டுப்பாடு போட்டார்கள். சேரிக்கு வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, டீ கிடையாது. எங்கள் ஆட்களிலேயே சிலர் மாமாவைத் திட்டினார்கள். 'ஒன் ரோசத்துக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா?' அம்மாயியும் திட்டியதாக அதுவே சொன்னது. "நாலு ஊரு நடந்துட்டு வந்தா என்ன கொறஞ்சா போயிடுவே, ஒங்க தாத்தன் நடக்கலியான்னு கேட்டேன். அவரு நடந்துதான் செத்தாருன்னு சொன்னான். அதுக்குமேல நான் வாயத் தொறக்கல." கதிர் முற்றி அறுக்க ஆள் வேண்டியிருந்தபோது கட்டுப்பாடு தானாகத் தளர்ந்தது. இழவு சொல்வது மட்டும் திரும்பி வரவில்லை.

காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்த 2003-இல் மாமா சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். மூன்றாம் மாடிச் சாரம் சரிந்து விழுந்து செத்தார். சேரியில் அப்போது யார் வீட்டிலும் போன் கிடையாது. மேஸ்திரி ஊர்த் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணினார். பூத்து வைத்திருந்தவர் தன் மகனை அனுப்பினார். அந்தப் பையன் சைக்கிளில் வந்து, எங்கள் தெருமுனையில் காலை ஊன்றி நின்று, அங்கிருந்தபடியே சத்தம் போட்டுச் சொன்னான்.

நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. வாசலில் நின்று அதைக் கேட்டேன். அம்மாயி மாரடித்துக்கொண்டு விழுந்தது. பல வருசம் கழித்து நோட்டு எழுதும்போது சொன்னது: "ஊரு புள்ள வந்து நம்ம தெருவுல நின்னு இழவு சொன்னுச்சு பாத்தியா. எம்மவனுக்குத்தான் அது நடந்திச்சு." அதில் பெருமையா வேதனையா என்று எனக்கு இன்றும் பிரிக்கத் தெரியவில்லை.

எங்கள் வீட்டிலேயே இறப்புச் சான்றிதழ் உள்ள முதல் ஆள் மாமாதான். மாநகராட்சியில் கொடுத்தது. பெயர், தேதி, இடம் இருக்கிறது. எதனால் செத்தார் என்பது இல்லை. சான்றிதழில் காரணம் போடக்கூடாது என்பது சட்டமாம்.

தாத்தாவின் மனு இன்னும் நடக்கிறது. பட்டா இன்னும் அவர் பெயரில்தான்.

அம்மாயி 2019 தை மாதம் போனது. மூன்றாம் நாளே நான் பதியப் போனேன். 21 நாள் கெடு, எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்தர் நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். படிவத்தைத் தானே நிரப்பினார். இறந்தவரின் தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே 'வீட்டு வேலை' என்று எழுதினார். அறுபது வருசம் நாற்று நட்ட கை. அடித்துவிட்டு 'விவசாயக் கூலி' என்று எழுதச் சொன்னேன். வயசானவங்களுக்கு அப்படித்தாம்மா போடறது, இதுல என்ன இருக்கு என்றார். எழுதுங்க சார் என்றேன். எழுதினார். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, தகவல் சொல்பவர் இங்கே கையெழுத்துப் போடணும் என்றார்.

போட்டேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"பேத்தி."